சித்தப்பா கடையில் விலை குறைவு

உள்ளே போன் அடித்தது.

அடிப்பவள் அவள்தான். பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே, காதில் போனை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

எடுக்கவில்லை.

மத்தியான வெயில். தெருவில் ஈ காக்கை இல்லை. குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"சித்தப்பா...?"

முதலில் செருப்பு தெரிந்தது. பிறகு கால். பிறகு...

"ஐயோ!"

அந்த அலறலுக்கு ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை!

பின்மண்டையில் அடி. இரும்பு ராக்கின் முனையில் ரத்தம். ராக் முழுக்கக் காலி. ஒரு பெட்டி மிச்சமில்லை.

"செத்தவர் உனக்கு சித்தப்பாவா?" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

"இல்ல மேடம்."

"அப்புறம் எதுக்கு அப்படிக் கத்தினே?"

"அது கடை பேரு மேடம். 'சித்தப்பா கடை'. ஆன்லைன்ல விக்கிறாரு... வித்தாரு."

"நீ யாரு?"

"கஸ்டமர்."

இன்ஸ்பெக்டரம்மா செத்தவரின் போனில் ஆர்டர்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தாள். புருவம் ஏறியது.

"ஏழு ஆர்டர். ஏழு பேரு. ஆனா நம்பர் ஒண்ணு... உன் நம்பர்! ஏழு இஸ்திரிப் பெட்டியை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றே? ஊர்த் துணியெல்லாம் நீதான் தேய்க்கிறியா?"

மறைத்துப் பயனில்லை. சொல்லிவிட்டாள்.

இஸ்திரிப் பெட்டி கம்பெனியில் வேலை. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த உத்தியோகம், பொய்ப் பெயரில் தன் கம்பெனி பொருளையே வாங்குவது! கம்பெனி வைத்த விலைக்குக் கீழே ஆன்லைனில் எவனாவது விற்றால், அவள் கம்ப்யூட்டர் கத்தும். உடனே ஆர்டர் போடுவாள். பொருள் வந்ததும் விற்றவன் யார், எங்கே இருக்கிறான் என்று துருவுவாள். அப்புறம் அந்த ஆளுக்குச் சரக்கு போகாது.

ஆபீசில் அவளுக்குப் பேர் 'மோப்பம்'. யாரும் அவளோடு சாப்பிட உட்கார மாட்டார்கள். எதைக் கேட்டு எங்கே போட்டுக் கொடுப்பாளோ! வீட்டிலிருந்து வரும் போன், சம்பளம் வந்துடுச்சா என்பதோடு முடியும். ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை பேசாமல் விடிந்து அடைந்துவிடும்.

சித்தப்பா கடையிலிருந்து முதல் பெட்டி வந்த அன்று போன் வந்தது.

"பெட்டி சூடாகுதாம்மா? ஒவ்வொண்ணையும் என் கையால பிரிச்சு, சுட வெச்சுப் பார்த்துத்தான் அனுப்புறேன். இருந்தாலும் கேட்டுக்கிறேன்."

இரண்டாவது பெட்டிக்கும் கேட்டார். மூன்றாவதுக்கும்.

நாலாவது பெட்டியை வாங்க அவளுக்கு அவசியமே இல்லை. வாங்கினாள்!

ஏழாவது முறை சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஒவ்வொரு தடவையும் பேரு மாறுது. குரல் மட்டும் மாறல. உங்க வீட்ல மொத்தம் எத்தனை சட்டைம்மா?"

மாட்டிக்கொண்டோம் என்று புரிந்தது.

"சித்தப்பா... நான்..."

"கம்பெனி ஆளா? இருந்துட்டுப் போ. நான் என்ன திருடியா விக்கிறேன்? மூடிப்போன கடைங்ககிட்ட பில் போட்டு வாங்கினேன். வாங்கினப்புறம் அது என் பொருள். சும்மாகூடக் குடுப்பேன், கேக்க அவன் யாரு? இதையேதான் வியாபாரப் போட்டி ஆணையத்துல உங்க கம்பெனி மேல கேஸா போட்டிருக்கேன். சாப்பிட்டியாம்மா?"

சாப்பிட்டியா! எத்தனை மாதத்துக்கு அப்புறம் ஒருத்தர் கேட்கிறார்!

"கடை எங்க சித்தப்பா? நேர்ல வரணும்."

"வாயேன், ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாம்." அட்ரஸைச் சொன்னார்.

அவள் அதை வாங்கி... பழக்க தோஷம்... ஆபீசுக்கு அனுப்பிவிட்டாள்.

"அதுக்காக மன்னிப்புக் கேக்கத்தான் மேடம் இன்னைக்கு வந்தேன்."

"அட்ரஸை ஆபீஸ்ல யார் யார் பார்த்தாங்க?"

"யார் வேணா பார்க்கலாம். பொது ஃபைல்."

"நல்லா இருக்கு போ!" இன்ஸ்பெக்டரம்மா தொப்பியை எடுத்தாள். "திருட்டுக்கு வந்தவன் தள்ளிவிட்டிருக்கலாம். இல்ல, நீயே ஆள் வெச்சிருக்கலாம். ஊரை விட்டு நகரக் கூடாது. புரியுதா?"

ஆஸ்பத்திரியில் அவர் உடலை வாங்கக் கையெழுத்துப் போட யாரும் வரவில்லை. உறவுமுறை என்ற இடத்தில் என்ன எழுதுவது? அவள் 'தெரிந்தவர்' என்று எழுதினாள்.

அது கூடப் பாதிப் பொய்தான். தெரிந்தது குரல் மட்டும்.

ஆபீசில் ஏரியா மேனேஜர் எழுந்தே வந்துவிட்டார். கண்டிப்பான மனுஷர். டீலர் ஒருத்தன் சொந்தத் தங்கை கல்யாணத்துக்கு விலை குறைத்துக் கொடுத்தான் என்று சப்ளையையே வெட்டியவர்!

"பயந்துட்டியாம்மா? ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ."

"வீட்ல உக்காந்து என்ன சார் பண்றது? சுவரைப் பார்க்கணும். இங்கயே இருக்கேன்."

அடுத்த வாரம் கம்ப்யூட்டர் கத்தியது.

புதுக் கடை. அதே மாடல். கம்பெனி விலைக்குக் கீழே!

மேனேஜர் ரூமுக்கு ஓடினாள்.

"சார்! புதுசா ஒருத்தன் குறைச்சு விக்கிறான்! ஆர்டர் போட்டுடறேன்."

மேனேஜர் நிமிரவில்லை.

"விடும்மா."

"சார்...?"

"சின்னப் பய எவனோ. பொழைச்சுப் போகட்டும்."

அவள் அப்படியே நின்றாள்.

பொழைச்சுப் போகட்டுமா? இந்த வாயா? கல்யாண வீட்டுக்கே தள்ளுபடி தராத வாயா?

"சரிங்க சார்," என்று வெளியே வந்தாள். நேராகத் தன் சீட்டுக்குப் போனாள்.

எட்டாவது பெட்டியை ஆர்டர் போட்டாள்! இந்த முறை பொய்ப் பெயர் வைக்கவில்லை. சொந்தப் பெயர். சொந்தப் பணம்.

பார்சல் வந்தது. திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சூடாகுதான்னு கேட்க ஆளில்லை.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு பார்சலோடு ஸ்டேஷனுக்குப் போனாள்.

மறுநாள் காலை. மேனேஜர் ரூம். கதவைத் தட்டாமல் இன்ஸ்பெக்டரம்மா உள்ளே வந்தாள். பின்னால் ஒரு கான்ஸ்டபிள். அவருக்குப் பின்னால் அவள்.

"உன்னை யாரு இவங்களோட வரச் சொன்னது?" மேனேஜர் அவளைப் பார்த்துச் சீறினார்.

"நான்தான்," என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. "இந்தப் பொண்ணு ஒரு பெட்டி வாங்கியிருக்கு. விக்கிறவர் உங்க மச்சினர்!"

"என் மச்சினன் என்ன வித்தா எனக்கென்ன?"

"பெட்டி கைப்பிடியில செத்தவரோட கைரேகை இருக்கே?"

மேனேஜரின் முகம் சட்டென்று தொங்கியது.

"அவன்... யார்கிட்டயாவது வாங்கியிருப்பான்..."

"உங்ககிட்டதான் வாங்கினாராம். ஸ்டேஷன்ல டீ ஆறுறதுக்குள்ள சொல்லிட்டாரு. உங்க கார் ஷெட்டுல மிச்சத்தையும் எடுத்துட்டோம்!"



"கொல்லப் போகல மேடம்..." மேனேஜரின் குரல் உடைந்தது. "கேஸை வாபஸ் வாங்குடான்னு சொல்லத்தான் போனேன். தீர்ப்பு அவன் பக்கம் வந்தா எந்த டீலர் அப்புறம் எனக்குப் பயப்படுவான்? அவன் சிரிச்சான். உக்காருங்க, டீ சொல்றேங்கிறான்! தள்ளினேன்..."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். அவளுக்குச் சொல்லியிருந்த டீ!

"சரக்கை எதுக்குத் தூக்கினீங்க?"

"திருட்டுன்னு நினைப்பீங்கன்னு..."

"அப்ப குப்பையில கொட்டியிருக்கலாமே?"

"புதுச் சரக்கு மேடம். கொட்ட மனசு வருமா?"

அவள் முன்னால் வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். விக்கிறதுதான் வித்தீங்க... கம்பெனி விலைக்கே போட்டிருந்தா என் கம்ப்யூட்டர் கத்தியிருக்காது. யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எதுக்குக் குறைச்சீங்க?"

மேனேஜர் வெறுத்துப்போய்க் கத்தினார்.

"அந்த விலைக்கு எவன்டி வாங்குவான்?"

இன்ஸ்பெக்டரம்மா வாக்குமூலத்தை எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனாள்.

"மூடாதீங்க மேடம்!" என்றாள் அவள். "சார் சொன்னதை அப்படியே எழுதிக்கோங்க. கொலை கேஸுக்கு இல்ல... சித்தப்பா போட்ட விலை கேஸுக்கு!"