நாலாவது பூஜி

சீதி பூஅலாம் என்ற மகானின் சமாதி, அதன் வெள்ளைக் குவிமாடம் கண்ணில் பட்டபோதுதான் லக்தரின் வண்டி முதல்முறை இருமியது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் மனைவி மப்ரூகாவின் மடியில் மகள் நுவாரா இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். ஆறு வயதுப் பிள்ளை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒரு மலை தாண்ட வேண்டும்.

வண்டி குலுங்கியது. சமாதிக்கு நேர் எதிரே நின்றேவிட்டது.

"இங்கயா நிக்கணும்?" மப்ரூகா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "யா லக்தர், இவருக்கு நாம இன்னும் பூஜி ஏத்தலயே!"

அந்த ஊர்ப் பக்கத்தில் மெழுகுவத்திக்கும் பேர் பூஜிதான், எஞ்சினில் பொறி தட்டும் ஸ்பார்க் பிளக்குக்கும் பேர் பூஜிதான். பிள்ளை பிறந்தால் நாலு பூஜி ஏற்றுகிறேன் என்று மப்ரூகா இந்த வாசலில்தான் நேர்ந்துகொண்டாள். லக்தருக்கு வாய்க்கொழுப்பு. "என் எஞ்சின்லயே நாலு பூஜி இருக்கு, வேணும்னா அவரே வந்து எடுத்துக்கட்டும்" என்று ஊர் முன்னால் சிரித்தான்.

மெக்கானிக் பூஸித் சொன்னதையும் அப்படியேதான் சிரித்துத் தள்ளினான். "பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருவாட்டி கழட்டிப் பாருடா, இருபதாயிரத்துல மாத்திடு. காலையில முரண்டு பிடிச்சாலோ, ஓடும்போது உதறினாலோ அன்னிக்கே பாரு. விட்டா இறுகிப்போயிடும்." ஓடுகிற வண்டியை எதற்குத் திறக்க வேண்டும் என்பது லக்தரின் கட்சி. ஆறு வருஷமாக ஸ்பானர் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது பானெட்டைத் திறந்தான். முதல் பூஜியைக் கழற்றினான். கரி படிந்திருக்கும் என்று நினைத்தான்.

வெள்ளையாக இருந்தது. நகம் அழுந்தியது.

மெழுகு.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். நாலாவது அசையவில்லை. ஸ்பானர் வழுக்கி விரல் முட்டியின் தோல் உரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். ம்ஹூம்.

சமாதிக்குள் யாரோ இருமினார்கள்.

நுவாராவின் இருமல் அது. ஆனால் நுவாரா வண்டிக்குள் சத்தமில்லாமல் கிடந்தாள்.

லக்தர் மூன்றையும் அள்ளிக்கொண்டு ஓடினான். உள்ளே மாடக்குழியில் நிறுத்தி வைத்தான். அவன் தீக்குச்சியே எடுக்கவில்லை. மூன்று முனையிலும் சுடர் எழுந்தது.

"நாலாவது?" காதோரம் ஒரு முணுமுணுப்பு.

"இறுகிப்போச்சு, சீதி." அவன் மண்ணில் விழுந்து அழுதான். "என் தப்புதான். என் வாய்தான். அவளை விட்டுடுங்க. நாலாவதை எப்படியாவது கொண்டாந்துடுறேன்..."

வெளியே எஞ்சின் உறுமியது.

சாவி அவன் சட்டைப் பைக்குள் இருந்தது.

மலை முழுக்க வண்டி மூன்று துடிப்புத் துடித்தது, நாலாவதை விழுங்கியது. மூன்று துடிப்பு, ஒரு விழுங்கல். லக்தர் எதையும் கேட்காதவன்போல ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். விடிவதற்குள் பிள்ளையின் உதடு சிவந்தது. "பிழைச்சிட்டா, அல்ஹம்துலில்லாஹ்" என்றார் டாக்டர். மப்ரூகா சுவரில் சாய்ந்து விம்மினாள்.

லக்தர் நிற்கவில்லை. போன் போட்டு பூஸிதை ஊரிலிருந்து வரவழைத்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே பானெட்டைத் திறந்தான்.

"மூணு ஓட்டை காலியா இருக்கே! இதுல எப்படிடா வந்த?"

"அதை விடு. நாலாவதை எடு. கால்ல விழறேன், எடு."

பூஸித் எண்ணெய் விட்டு, காத்திருந்து, மெல்லத் திருப்பினான். படக்கென்று சத்தம். பாதி அவன் கையில் வந்தது. மறு பாதி உள்ளேயே தங்கிவிட்டது.

"உடைஞ்சுடுச்சு. இனி இது முழுசா வராது" என்றான்.

லக்தர் வார்டுக்கு ஓடினான். நுவாரா அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். குனிந்து அவள் மூக்கருகே காதை வைத்தான்.

ஒரு மூச்சு.

இன்னொரு மூச்சு.

மூன்றாவது.

பிறகு ஒன்றுமில்லை. அப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவத்தியின் வாசனை மட்டும் வந்தது.