கொப்பரைக்குள் ஒரு ரிங்டோன்

செத்துப்போனவளின் செல்போன் அடித்தது!

கொப்பரைக் குவியலுக்கு உள்ளேயிருந்து... சன்னமாக... விட்டு விட்டு...

மோகனப்பிரியா அப்படியே நின்றுவிட்டாள். அக்கா வர்ஷினியின் கருமாதிக்குத் தேங்காய் எடுக்கத்தான் காங்கேயத்து எண்ணெய் மில்லுக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. மில்லில் ஈ காக்கை இல்லை. தேங்காய் அறைக்குப் பக்கத்தில், கொப்பரைக்குப் பூஞ்சை பிடிக்காமல் கந்தகப் புகை போடுகிற அறை. சத்தம் அங்கேயிருந்துதான் வந்தது.

அந்த மெட்டு அவளுக்குத் தெரியும். அக்கா மத்தியான மாத்திரைக்கு வைத்த அலாரம்.

உள்ளே ஓடினாள். இரண்டு கைகளாலும் கொப்பரையை வாரி இறைத்தாள். அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் கேமரா வைத்த கலர் போன்.

சிம் இல்லை. அணைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த மாடலுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அணைத்துப் போட்டாலும் அலாரம் நேரத்துக்குத் தானே விழித்துக்கொள்ளும்! மற்ற நாட்களில் மில் இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது.



இந்தப் போன் அக்காவோடு கிணற்றுக்குள் போய்விட்டது என்றுதானே அக்காவின் புருஷன் சுரேந்தர் போலீசில் சொன்னான்? குதிப்பதற்கு முன்னால் இதிலிருந்து மோகனப்பிரியாவுக்கு அவள் அனுப்பிய மெயிலை வைத்துத்தானே தற்கொலை என்று முடிவு கட்டினார்கள்? 'என் சாவுக்கு யாரும் காரணமில்லை.'

போன் இங்கே இருக்கிறது என்றால்... அந்த மெயிலை அனுப்பியது...

டமார்!

இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"ஏனுங் கண்ணு... தேங்கா எடுக்க வந்தவ தேங்காயை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கலாமுல்ல?"

சுரேந்தர். எப்போதும் போல அதே பணிவான குரல். எங்கள் ஊர்ப்பக்கம் கழுத்தைத் திருகுகிறவன்கூட 'ங்க' போட்டுத்தான் திருகுவான்.

அவள் கதவில் மோதிப் பார்த்தாள். கத்திப் பார்த்தாள். அவளுடைய போன் ஸ்கூட்டியின் பெட்டிக்குள். அக்காவின் போனில் நூறை அழுத்தினாள். பழைய காலத்துச் சுவர். டவர் ஒரு கோடுகூட இல்லை.

சுரேந்தர் அவசரமே படவில்லை. சுவரில் புகை போக விட்ட ஓட்டை வழியாகப் போனை நீட்டினால் கதவைத் திறப்பதாகச் சொன்னான். நீட்டாவிட்டால் கந்தகம். ஞாயிற்றுக்கிழமை புகை போடுவது மில்லின் வழக்கம்... உள்ளே ஆள் இருந்தது தெரியாது என்று அழுதுவிட்டால் முடிந்தது. அழுகை அவனுக்கு நன்றாக வரும். அக்காவின் பிணத்தருகே ஊரே பார்த்ததுதான்.

கொடுத்தாலும் திறக்கமாட்டான். அது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அக்காவை ஏனுங்க மாமா கொன்னீங்க?"

"மில்லு அவ பேருல இருந்துது. விக்கலாம்னு சொன்னேன்... கையெழுத்துப் போடமாட்டேன்னுபோட்டா. போனைக் குடு கண்ணு."

யோசிக்கவேண்டும் என்று கெஞ்சி, கொஞ்சம் அவகாசம் வாங்கினாள்.

கட்டைவிரல் ஓடியது. மெனு... செட்டிங்ஸ்... செக்யூரிட்டி... ரகசிய எண் கேட்டது. அக்கா எதை மாற்றியிருக்கப் போகிறாள்? கம்பெனிக்காரன் கொடுத்த நம்பரை மாற்றுகிற வழக்கம் நம் ஆட்களுக்கு ஏது?

ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து.

திறந்தது!

ஒரு வசதியை 'ஆன்' செய்தாள். மனப்பாடமாக இருந்த ஒரு நம்பரைத் தட்டினாள். சுருக்கமாக ஏதோ டைப் அடித்தாள். பிறகு ஓட்டையருகே போய்த் தூண்டிலைப் போட்டாள்.

"மாமா... அக்கா உங்களைப் பத்தி ஒரு மெயில் எழுதி, அனுப்பாம வெச்சிருக்கா. டிராஃப்ட்ல ஒண்ணு இருக்குதுன்னு இதுல காட்டுதுங்க."



வெளியே சுரேந்தர் கணக்குப் போட்டான். போனை உடைத்துவிடலாம். ஆனால் மெயில் போனிலா இருக்கிறது? அது எங்கேயோ நெட்டில் இருக்கிறது. வர்ஷினியின் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியாது. இந்தப் போன் அதை ஞாபகம் வைத்திருந்ததால்தான் அன்றைக்கு அந்த மெயிலையே அனுப்ப முடிந்தது. அழிக்கவேண்டும் என்றாலும் இதே போன்தான் வேண்டும்.

ஓட்டைக்குள் கையை விட்டுப் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

கதவு திறக்கவில்லை. தீக்குச்சி உரசும் சத்தம்தான் கேட்டது. கதவடியில் இருந்த சந்து வழியாக ஒரு இரும்புச்சட்டி உள்ளே நகர்ந்து வந்தது. அதில் நீல நெருப்பு.

கண் எரிந்தது... தொண்டை எரிந்தது... மோகனப்பிரியா துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு ஓட்டையில் முகத்தைப் புதைத்தாள். 'போடு... சிம்மைப் போடு...' உள்ளுக்குள் அலறினாள்.

வெளியே சுரேந்தர் தன் சிம்மைக் கழற்றி அந்தப் போனில் போட்டான். வர்ஷினியின் சிம்மை அவன் அன்றைக்கே எரித்துவிட்டான். டவர் வந்தது. நெட் பட்டனை அழுத்தினான்.

கனெக்டிங்... கனெக்டிங்...

'பாதுகாப்பான இணைப்பு. தொடரலாமா?' திரையின் ஓரத்தில் குட்டியாக ஒரு பூட்டுப் படம். தொடர்ந்தான். பக்கம் ஆடி அசைந்து, அப்பனையும் ஆத்தாளையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தது.

டிராஃப்ட் காலி!

"இதுல ஒண்ணுமே இல்லியே?"

இருமலுக்கு நடுவே ஓட்டையிலிருந்து பதில் வந்தது.

"இல்லீங்க மாமா."

அவனுக்கு அது விளங்குவதற்குள் கேட்டை இடித்துக்கொண்டு ஜீப் உள்ளே நுழைந்தது. ஸ்டேஷன் அடுத்த தெருதான். இன்ஸ்பெக்டர் பிரான்சிஸ் குதித்து இறங்கினார். 'ஆதாரம் இல்லாம ஒண்ணும் செய்ய முடியாது அம்மணி' என்று மோகனப்பிரியாவைப் பலமுறை திருப்பி அனுப்பியவர். இப்போது அவரே தாழ்ப்பாளை நீக்கினார்.

வெளியே வந்து விழுந்தவள் வாந்தி எடுத்தாள். பிறகு அக்காவின் போனைக் காட்டி, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

"மாத்திரைக்கு அலாரம் வெச்சவ சாகறதுக்கா சார் நெனப்பா?"

அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். பிரான்சிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

சுரேந்தர் விழித்தான். "யாரு சார் உங்களுக்குச் சொன்னது?"

பிரான்சிஸ் தன் போனை நீட்டினார். ஆங்கில எழுத்தில் தமிழ்: 'இது வர்ஷினி போன். கொப்பரைப் புகை ரூமில் பூட்டியிருக்கிறார். பிரியா.'

அனுப்பிய நம்பர் சுரேந்தருடையது! பிரான்சிஸே விளக்கினார்.

"திருட்டுப் போனைக் கண்டுபிடிக்கறதுக்கு வெச்ச வசதிங்க. வேற சிம் போட்டா, போட்டவனுக்கே தெரியாம அந்தச் சிம்முலிருந்தே மெசேஜ் போயிரும். ஆமா, கொன்னவரு போனையும் கெணத்துலயே வீசியிருக்கலாமுல்லீங்க?"

சுரேந்தரின் குரல் இறங்கியது. "புது செட்டுங்க... கலரு வேற... வீச மனசு வரலீங்க."

பிரான்சிஸ் விலங்கை மாட்டிக்கொண்டே பணிவாகச் சொன்னார்.

"அப்ப இன்னொண்ணும் சொல்லிப்போடறேனுங்க... அந்த மெசேஜுக்குக் காசும் உங்க பேலன்ஸுலதான் போயிருக்குது!"