பிரியாந்தினியின் போன்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்ன கையோடு திகன பஜாரில் முஸ்லிம் கடைகளின் ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. றிஸ்வியும் தன் போன் கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு பள்ளிக்குப் போனான். உள்ளே அவன் மனைவி ஜஹானா வேலை மேசையில் தனியாக இருந்தாள். விற்பது றிஸ்வி, திருத்துவது ஜஹானா. கண்டியில் படித்துப் பழகிய கை அது.

விடியலிலிருந்து மழை விட்டபாடில்லை. தெருவில் ஒரு ஆட்டோ கூட இல்லை.

ஷட்டருக்குக் கீழே இரண்டு சப்பாத்துகள் வந்து நின்றன. பிறகு ஒரு மனிதர் குனிந்து உள்ளே வந்தார். நாற்பது வயது இருக்கும். அயர்ன் பண்ணிய நீலச் சட்டை, கந்தோருக்குப் போகிற தோற்றம். அவரோடு சேர்ந்து ஒரு வாடையும் வந்தது. மழையின் வாடை அல்ல. வெகுநாளாக மூடிக் கிடந்த தண்ணீரின் வாடை.

"கடை பூட்டோ தங்கச்சி? கண்டியிலயிருந்து வாறன்."

"இல்ல சேர், வாங்க. ஜும்ஆ நேரம், அதான் பாதி இறக்கினது."

அவர் ஒரு போனை எடுத்துக் கண்ணாடி அலுமாரி மேல் வைத்தார். வைத்த இடத்தில் ஈரம் படிந்தது.

"என்ர மனிசியின்ர போன். லொக்கை மறந்துபோனா. உள்ளுக்க இருக்கிறது முழுக்க அழிச்சுத் தரவேணும். ரிக்கவரி மோடுக்குப் போய் அழிக்கலாம் எண்டு நெற்றில பாத்தனான். எவ்வளவோ தரம் செய்து பாத்திட்டன். அதுக்குள்ள போகவே மாட்டன் எண்டுது."

"எல்லாம் போயிரும் சேர். போட்டோ, வீடியோ ஒண்டும் மிஞ்சாது. பரவாயில்லையா?"

"அதுதான் வேணும்."

"கண்டியிலயே காட்டியிருக்கலாமே? இந்த மழையில இவ்வளவு தூரம்..."

"அங்க சனம் கூட" என்றார் அவர், கதிரையை இழுத்துப் போட்டபடி.

ஜஹானாவுக்கு இது தினமும் செய்கிற வேலை. போனை முற்றாக அணைத்தாள். சத்தத்தைக் கூட்டுகிற பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தாள். கம்பனியின் சின்னம் வந்தது. பவரை விட்டாள். திரை இருண்டு, மறுபடி ஒளிர்ந்து, பழைய இடத்துக்கே வந்து நின்றது. ஒரு பெண்ணின் படம். அதன் மேல் லொக் கேட்கும் புள்ளிகள். கேபிளைக் கணினியில் செருகிவிட்டுச் செய்தாள். நன்றாகச் சார்ஜ் ஏற்றிவிட்டுச் செய்தாள். அதே படம், அதே புள்ளிகள்.

கடைசியாக ஒளிர்ந்தபோது திரையில் செய்திகள் சரசரவென்று இறங்கின. எல்லாம் 'அம்மா' என்ற பெயரில்.

'பிரியாந்தினி, எங்கை பிள்ளை இருக்கிறாய்?'

'யாழ்ப்பாணம் வெளிக்கிட்டிட்டாய் எண்டு கிருஷாந் சொல்லுறார். ஏன் இன்னும் வந்து சேரேல்லை?'

'பிள்ளை, ஒருக்கா எடு.'

ஜஹானா நிமிர்ந்து பார்க்கவில்லை. குரலை மட்டும் இயல்பாக வைத்துக்கொண்டாள். "மிஸ்ஸிஸோட ஒரு சொல் பேசேலுமா சேர்? போன்காரர் சரின்னு சொன்னாத்தான் நாங்க அழிக்கிறது."

"அவ ஊருக்குப் போட்டா. யாழ்ப்பாணத்தில தாய் வீட்டில நிக்கிறா."

தாய் வீட்டில் நிற்கிற மகளை, தாய் எங்கே என்று தேடுகிறாள்.

நேரத்தைக் கடத்த வேண்டும். தொழுகை முடிந்தால் றிஸ்வி வந்துவிடுவான். "பட்டன் தான் பழுது போல. தொறந்து பாக்கிறேன்" என்றாள்.

போனின் முதுகைச் சூடாக்கி மெல்ல நெம்பித் திறந்தாள். பற்றரியின் இணைப்பைக் கழற்றினாள். பக்கவாட்டில் சத்தத்தைக் கூட்டுகிற பொத்தான் முழுதாக இறங்காமல் எதிலோ முட்டிக்கொண்டு நின்றது. அதனால்தான் இத்தனை நேரமும் அமுக்கியது போன் வரை போய்ச் சேரவில்லை. பூதக்கண்ணாடியைக் கிட்டே இழுத்தாள். பொத்தானுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஏதோ வெளிறிய துண்டு செருகிக் கிடந்தது. ட்வீசரால் பிடித்து இழுத்தாள்.

அது சதையோடு வந்தது.

வெள்ளை விரிப்பில் விழுந்து கிடந்தது ஒரு நகம். ரோஸ் நிறப் பூச்சு. அடியில் காய்ந்து கறுத்த இரத்தம். வேரோடு பிய்ந்த நகம்.

அவள் அதைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"இப்ப போகும்" என்றார் அவர், மிக மெதுவாக. "பூட்டிப் பாருங்கோ, தங்கச்சி."

இணைப்பைச் செருகினாள். இரண்டு பொத்தான்களிலும் விரலை வைத்து அமுக்கினாள்.

பொத்தான் அவள் விரலைத் திருப்பி அமுக்கியது.

உள்ளேயிருந்து. ஒரு விரல் இன்னொரு விரலை நெட்டுவது போல. மெத்தென்று. குளிர்ந்து.

ஜஹானா வீரிட்டுக் கையை உதறினாள். பற்றரி இணைப்பைப் பிடுங்கி எறிந்தாள். "ஏலா சேர், எனக்கு இது செய்ய ஏலா. கொண்டு போங்க!"

கிருஷாந் எழுந்தார். அவசரப்படவில்லை. ஷட்டரைத் தரைவரை இழுத்து உள் தாழ்ப்பாளைப் போட்டார். கடை இருண்டது. மேசை விளக்கின் வட்டத்தில் அந்த நகம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"ரெண்டு தரம் மகாவலி ஆத்தில எறிஞ்சனான்" என்றார், ஏதோ முறைப்பாடு சொல்வது போல. "வீட்டை வந்து பாத்தா மேசையில கிடக்கு. நனைஞ்சபடி. அடிச்சு நொறுக்கினனான். விடியப் பாத்தா ஒரு கீறல் இல்லை. அண்டைக்கு அவ இதில வீடியோ எடுத்துக்கொண்டு இருந்தவ. நான் செய்ததெல்லாம் இதுக்குள்ள இருக்கு. அதை அழிச்சா அவவும் போயிடுவா. இல்லையோ?"

அவள் பின்கதவுக்கு ஓடினாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் கூந்தலோடு முந்தானையும் அவர் பிடியில் சிக்கியது. இழுத்த இழுப்பில் நெற்றி கண்ணாடி அலுமாரியில் மோதிக் கண்ணாடி நொறுங்கியது. கண்ணுக்குள் இரத்தம் வழிந்தது. மேசையில் கிடந்த சார்ஜர் கேபிள் அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

இறுகியது.

அவர் முழங்கால் அவள் முதுகில் ஊன்றியிருந்தது. அவள் கைகள் துழாவின. ட்வீசர் அகப்பட்டது. பின்னால் கண்டபடி குத்தினாள். எங்கோ சதையில் இறங்கியது. அவர் உறுமினார், பிடி தளரவில்லை. காதுக்குள் இரத்தம் இரைந்தது. கலிமாச் சொல்ல நினைத்தாள். நாக்கு எழும்பவில்லை. விளக்கின் வட்டம் சிறுத்துக்கொண்டே போனது.

அப்போது மேசையில் போன் அதிர்ந்தது.

பற்றரியின் இணைப்பு கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. முதுகு திறந்து கிடந்தது.

திரை ஒளிர்ந்தது.

"கிருஷாந்... விடுங்கோ... மூச்சு முட்டுது..."

ஒரு பெண்ணின் குரல். அதற்கு மேல் ஒரு மனிதனின் மூச்சிரைப்பு. ஏதோ உருண்டு விழும் சத்தம். சுவரில் தலை மோதும் சத்தம், ஒன்று, மறுபடி ஒன்று.

"அம்மா... என்ர அம்மா..."

கேபிள் தளர்ந்தது. ஜஹானா தரையில் சரிந்து இருமினாள். கிருஷாந் போனை வாரி எடுத்தார். பொத்தான்களை வெறிபிடித்தவர் போல அமுக்கினார். குரல் நிற்கவில்லை, இன்னும் உரத்தது. நீண்ட ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்து, போனை இடது கையில் பிடித்தபடியே ஓங்கிக் குத்தினார். அது பற்றரிக்குள் இறங்கியது.

புஸ்ஸென்று வெள்ளைப் புகை பீறிட்டது. அடுத்த நொடி தீ.

அவர் அலறினார். கையை உதறினார். போன் விழவில்லை.

விரல்கள் அதை இறுகப் பொத்திப் பிடித்திருந்தன. அவர் விரிக்கப் பார்ப்பது ஜஹானாவுக்குத் தெரிந்தது. மறு கையால் ஒவ்வொரு விரலாக நெம்புகிறார். விரிகிற விரல் மறுபடி மடங்குகிறது. தீயின் வெளிச்சத்தில் அவள் அதைக் கண்டாள். அவருடைய கையின் மேல் தோலில் பள்ளங்கள் விழுந்திருந்தன. யாரோ தன் கையை அவர் கைமேல் வைத்து அழுத்துவது போல.

யாரும் அங்கே இல்லை.

சதை பொசுங்கும் நாற்றம் எழுந்தது. சட்டைக் கை பற்றிக்கொண்டது. முகத்தில் தீ நக்கியது. அவர் முழங்காலில் விழுந்து கையைத் தரையில் அடித்தார். எலும்பு முறியும் சத்தம் கேட்டது.

"விடு... பிரியா, விடு... விடு..."

அவள் விடவில்லை.

ஷட்டரில் இடி விழுவது போல அடி விழுந்தது. "ஜஹானா! ஜஹானா!" றிஸ்வியின் குரல். பக்கத்துக் கடை ஃபாஸிலின் குரல். இரும்புக் கம்பியால் நெம்பித் தாழ்ப்பாளை உடைத்தார்கள். மழை வெளிச்சம் உள்ளே பாய்ந்தபோது ஜஹானா கடைசியாகக் கண்டது, புகைக்குள் மண்டியிட்டபடி தன் எரிந்த கையைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்த மனிதரை.

மூன்றாம் நாள் அவள் கண் விழித்தது கண்டியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில். நெற்றியில் தையல். கழுத்தைச் சுற்றிக் கட்டு. பேசக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். றிஸ்வி அருகில் கதிரையில் இருந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். கிருஷாந்தின் இடது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் பொலிசிடம் எல்லாவற்றையும் அவரே ஒப்புக்கொண்டார். அம்பிட்டியவில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால், நிலத்துக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டி. கொங்கிரீட் மூடியைத் தூக்கியபோது பிரியாந்தினி உள்ளே கிடந்தாள். தாய் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொண்டிருக்கிறாள்.

ஜஹானா சைகையால் கேட்டாள். நீங்கள் எப்படி வந்தீர்கள்? தொழுகை முடிந்திருக்காதே?

றிஸ்வி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"குத்பாப் பிரசங்கம் நடந்துட்டு இருந்திச்சி. நான் இடமில்லாம வெளி வராந்தாவுல இருந்தேன். மழைக்குள்ள ஒரு பொம்பள வந்தா. நைட்டி போட்டு, தலையெல்லாம் நனஞ்சி. செருப்பு இல்ல. 'உங்கட மனிசியக் கொல்லுறான், வாங்கோ'ண்டு சென்னா. யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஏன்ட கையப் புடிச்சி இழுத்துட்டே ஓடினா. நான் ஓடுறதப் பாத்துத்தான் ஃபாஸிலும் பின்னால வந்தான். கடை வாசலுக்கு வந்தா ஆள் இல்ல. ஃபாஸிலுக்கிட்ட கேட்டேன்." அவன் கதிரையைக் கட்டிலுக்குக் கிட்டே இழுத்தான். "'பொம்பளயா, நீ தனியாத்தானே ஓடினாய் மச்சான்'ங்கிறான்."

ஜன்னலில் நல்ல வெயில். முந்தாநாளே மழை விட்டிருந்தது. றிஸ்வியின் சட்டை உலர்ந்து மொடமொடவென்று இருந்தது.

ஆனால் அவனுடைய வலது மணிக்கட்டிலிருந்து ஒரு துளி நீர் கட்டில் விரிப்பில் சொட்டியது.

ஜஹானா அதைப் பார்த்தாள். றிஸ்வி மடியில் வைத்திருந்த துவாயால் மணிக்கட்டை அழுந்தத் துடைத்தான். துவாய் ஏற்கெனவே தொப்பமாக இருந்தது. தோல் உலர்ந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டைச் சுற்றி உரோமங்கள் மெல்லப் படிந்தன. ஒரு வளையம் போல. அந்த வளையத்தில் மறுபடி நீர் ஊறித் திரண்டது.

அவள் அவன் கண்களைப் பார்த்தாள். மூன்று நாளாக உறங்காத கண்கள்.

"அவ இன்னும் கைய விடல்ல, ஜஹானா" என்றான் அவன்.