பின் சீட்டின் இடது ஓரம்

மூன்றாவது நாளாகப் பின் சீட்டின் இடது ஓரம் ஈரமாக இருந்தது.

வக்கீல் குற்றாலலிங்கம் கையை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பழைய வண்டி என்றால் மழைக்கு ஒழுகத்தான் செய்யும். ஒழுகாத வண்டி வேண்டுமென்றால் ஊரெல்லாம் ஓடுகிறதே, அந்தச் சோப்பு டப்பாக்களில் ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ரோட்டில் போட்ட கோட்டைத் தாண்டினால் கத்தும், பின்னால் நாய் நின்றால் கத்தும், பெல்ட் போடாவிட்டால் கத்தும். ஓட்டத் தெரியாதவனுக்கு ஆயா வேலை பார்க்கிற வண்டி. அவருடையது ஐம்பது வருடத்து இரும்பு. கிளட்ச் மிதிக்கவே காலில் தெம்பு வேண்டும். "வண்டின்னா ஒரு குணம் இருக்கணும் வே" என்று கோர்ட்டில் சக வக்கீல்களிடம் சொல்லிச் சொல்லி அவர்கள் காது புளித்துவிட்டது. ஒரே ஒரு சிக்கல்: மூன்று நாளாக அம்பாசமுத்திரத்தில் மழையே இல்லை.

தினமும் காலையில் பாளையங்கோட்டை கோர்ட்டுக்குப் போகும்போது ஒன்பதாவது படிக்கும் மகள் ப்ரீத்தியை அங்கே பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். சாயங்காலம் கூட்டி வருவார். முன் சீட்டில் கேஸ் கட்டுகள் இருக்கும், பிள்ளை பின்னால் இருப்பாள். வாரத்துக்கு ஒரு தடவையாவது வண்டி நடுவழியில் நிற்கும். "பொம்பளப் பிள்ளைய வச்சிக்கிட்டு ரோட்டுல நிக்கீயளே, அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க வண்டியோட குணமா வந்து நிக்கும்?" என்று அவர் மனைவி கோமு கேட்காத நாளில்லை. கோமுவுக்கு இரும்பின் அருமை எங்கே தெரியும்?

போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான், கல்லிடைக்குறிச்சிப் பாலத்துக்கிட்ட ரேடியேட்டர் கொதித்தது. பிள்ளையை வண்டியில் விட்டுவிட்டுக் கேனோடு படித்துறையில் இறங்கினார். கொதிக்கிற மூடியைத் திறக்கக் கனமாக ஒரு துணி வேண்டும். கடைசிப் படியில் பாக்கு நிறச் சுங்குடிச் சேலை ஒன்று, பாதி தண்ணீரிலும் பாதி படியிலுமாகக் கிடந்தது. காரியம் முடித்தவர்கள் செத்தவளின் சேலையை ஆற்றில் விட்டுவிட்டு, குளித்து, திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறார்கள். அதைத் தொடக்கூடாது என்று அந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆற்றை நாறடிக்கிற மூடக் கூட்டம் என்று வாய்விட்டே சொன்னார். சேலையைப் பிழிந்து நாலாக மடித்து மூடியைத் திறந்தார், கண்ணாடியைத் துடைத்தார், பின் சீட்டுக்குக் கீழே இடது பக்கமாக எறிந்துவிட்டு வண்டியை எடுத்தார், அதோடு அதை மறந்தும் போனார்.

அதற்குப் பிறகு ப்ரீத்தி வலது கதவோடு ஒட்டி உட்கார ஆரம்பித்தாள்.

"என்னட்டி, இவ்வளவு இடம் கிடக்கு, கதவுல ஒட்டிக்கிட்டு இருக்க?"

"இடம் இல்லப்பா" என்றாள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

சிரித்தார். ஆனால் அன்றைக்கு வழிநெடுக, எஞ்சின் உறுமலுக்கும் ஜன்னல் கண்ணாடியின் கடகடப்புக்கும் நடுவே, மஞ்சளும் பாசியும் கலந்த ஒரு வாடை பின்னாலிருந்து வந்து பிடரியில் ஈரமாகப் படிந்துகொண்டே இருந்தது. கண்ணாடிகளை இறக்கினார். காற்று வந்தது, வாடை போகவில்லை.

மெக்கானிக் வில்சன் பின் கதவைத் திறந்து, சேலையைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வக்கீல் சார், இது ஆத்துல விட்டதுலா? எடுத்தீயளா?"

"ஏலே, நீ ஞாயித்துக்கிழமை வேதக்கோயிலுக்குப் போறவன். உனக்கு என்னலே இதுல?"

"ஆத்துல எல்லாருந்தான சார் குளிக்கோம். எடுத்த படியிலயே விட்டுட்டு, ஒரு முழுக்குப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருங்க."

"வண்டி ஒழுகுதுன்னு கொண்டாந்தா நீ குறி சொல்லுத."

"ஒழுகல சார். தண்ணி ஊத்திப் பாத்துட்டேன். ஒரு சொட்டு உள்ள வரல. இடது பக்கம் பின் சக்கரத்து வில்லுதான் அமுங்கியிருக்கு, ஆள் ஏறின மாதிரி."

குற்றாலலிங்கம் சேலையை இரண்டு விரலால் தூக்கி, எதிரே இருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். நாலு நாளாகியும் அது காயவே இல்லை என்பதை மட்டும் விரல்கள் தெரிந்துகொண்டன.

மறுநாளும் சீட் ஈரம். அதற்கு அடுத்த நாள், சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்குப் பள்ளம். அன்று இரவு அவர் தூங்கவில்லை. பயம் என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை; காலையில் கோமுவிடம், "சரி, உன் சோப்பு டப்பாவையே வாங்கித் தொலைக்கேன்" என்றார். கோமு வாயெல்லாம் பல்லாக நின்றாள். வில்சன் மட்டும், விற்றுக்கொடுக்கப் பழைய வண்டியின் சாவியை வாங்கும்போது தலையைச் சொறிந்தான்.

"வண்டிய மாத்தி என்ன சார் செய்ய? எடுத்தது நீங்கல்லா."

புது வண்டி வந்த முதல் நாள் சாயங்காலம், ஆறு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் ப்ரீத்தி பின்னால் ஏறினாள். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. எல்லாம் வழவழப்பு, எல்லாம் பிளாஸ்டிக், கோயில் யானைக்குப் பதில் பொம்மை யானை. ஆனாலும் காய்ந்த சீட். புது ரெக்சின் வாசனை. மேலப்பாளையம் தாண்டுகிறவரை அவருக்கு நிம்மதியாகவே இருந்தது.

பிறகு மணி அடித்தது. டிங். டிங். டிங்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்னப் படமாகப் பின் சீட்டுகள். வலது பச்சை. நடு அணைந்திருந்தது. இடது சிவப்பு, ஆள் இருந்தும் பெல்ட் போடாத மாதிரி.

"ப்ரீத்தி, பையைப் பக்கத்துல வச்சிருக்கியா?"

"இல்லப்பா, காலுக்குக் கீழ இருக்கு."

"பெல்ட்டு?"

"நான் போட்டுட்டேன்."

நான் என்பதில் ஏதோ ஒரு அழுத்தம். டிங். டிங். புத்தம்புது வண்டி, அதற்குள் புளுகுகிறது என்று திட்டினார். பழைய வண்டியாவது எதையும் காட்டிக்கொடுக்காமல் ஓடியது. இது விடாது. டிங். டிங்.

பின்னால் பெல்ட் இழுபடும் சத்தம். சர்ர்ர்.

கிளிக்.

சிவப்பு பச்சையானது. மணி நின்றது.

அவர் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. சேரன்மகாதேவி வரை ரோட்டை மட்டுமே பார்த்தார். பின்னால் ப்ரீத்தி யாரிடமோ ரகசியம் பேசுகிற குரலில் பைய என்னவோ சொன்னாள், லேசாகச் சிரித்தாள், பிறகு கொட்டாவி விட்டாள். மஞ்சள் வாடை. பாசி வாடை. இன்னும் கொஞ்ச தூரம். வீட்டுக்குப் போகாமல் நேரே படித்துறைக்குப் போய்விடலாம். முழுக்குப் போடலாம். ஆனால் சேலை? சேலை குப்பை வண்டியில் போய் எத்தனை நாளாகிறது!

ரயில்வே கேட் மூடியிருந்தது.

நிறுத்தினார். பழைய வண்டியாக இருந்தால் நின்ற இடத்தில் தடதடவென்று உதறிக்கொண்டிருக்கும், உலகத்தில் வேறு எதுவும் காதில் விழாது. இது எண்ணெய் மிச்சம் பிடிக்கிறேன் என்று எஞ்சினைத் தானாகவே அணைத்துக்கொண்டது. சுத்தமான அமைதி.

சொட்டு.

சொட்டு.

"ப்ரீத்தி."

திரும்பினார்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. சீட்டின் மேல் அல்ல. வெறும் காற்றில். ஒரு தோள் உயரத்தில். அப்பால் இடது பெல்ட், யாருமில்லாத இடத்தைச் சுற்றி வயிறும் மார்புமாகப் புடைத்து நின்று, மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. ப்ரீத்தியின் சடை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடி, பைய விலகி, காதுக்குப் பின்னால் ஒதுங்கியது.