முடிச்சு எந்தப் பக்கம்

வலிக்கு ஒரு தாளம் இருந்தது. டெய்லரை முதலில் உறுத்தியது அதுதான்.

முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து நாலு மாதம். இன்னும் மெஷின் முன்னால் கால் மணி நேரம் உட்கார முடியவில்லை. மதிய வெயில் திரைச்சீலையைத் துளைத்துக்கொண்டிருந்த அறையில், தைல வாடைக்கும் புழுங்கிய மெத்தை வாடைக்கும் நடுவே குப்புறப் படுத்து, அடுத்த அறையில் அவன் மெஷினை மனைவி ஓட்டுகிற கடகடப்பைக் கேட்டபடி, தன் இடுப்புக்கு மேலே நடப்பதைக் கவனித்தான்: ஒரு குத்தல், பிறகு மெதுவாக நீளும் ஓர் இழுப்பு, ஒரு நொடி ஓய்வு, மறுபடி குத்தல்.

மெஷின் தையல் இல்லை. கைத்தையல். அவசரமில்லாத கை.

சர்ஜனிடம் சொல்லிப் பார்த்திருந்தான். அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஸ்கேன் சுத்தமா இருக்கு. நரம்புதான் இன்னும் பழசையே நெனச்சிட்டிருக்கு."

"எத்தனை நாளைக்கு சார்?"

"பழகிக்குங்க."

மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "உள்ள யாரோ தைக்கிறாங்களா? நல்லதாப் போச்சு. தேங்கிக் கிடக்கிற ஆர்டரையும் அங்கேயே குடுத்துடலாம்."

குணமாகும் என்ற எண்ணம் எப்போதோ போய்விட்டது. அவளாவது நம்பினால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

"ஒரே ஒரு தடவை வந்து பாரேன்" என்று குரல் கொடுத்தான்.

மெஷின் நின்றது. வந்தாள். சட்டையைத் தூக்கினாள். தழும்பின் மேல் இறங்கிய விரல் பாதியில் நின்றது.

"என்னங்க, தையல் எல்லாம் பிரிச்சாச்சுல்ல?"

"பதினொண்ணும் பிரிச்சாங்க. நீதானே பக்கத்துல நின்னு எண்ணின."

"இங்க ஒண்ணு இருக்கு. கறுப்பு நூல்."

அவனுக்கு அழுகையே வந்தது. இவ்வளவுதானா. விட்டுப்போன ஒரு நூல்.

"முடிச்சப் பாத்து வெட்டு."

கத்தரி முதுகில் பட்டது. குளிர்ந்தது. விலகியது.

"முடிச்சே இல்லையே. உங்க கைத்தையல் மாதிரியே நறுவிசா இருக்கு."

தொழிலில் அவன் கற்ற முதல் பாடம். நல்ல தையலுக்கு முடிச்சு வெளியே தெரியாது. உள்பக்கம் இருக்கும்.

உள்பக்கம் முடிச்சுப் போட, கை உள்பக்கம் இருக்க வேண்டும்.

"தொடாதே."

"அட, வளையமா எழும்புது. விரலே நுழையுது பாருங்க."

இழுப்பு. மெதுவாக.

"விளையாடாதீங்க. விரல விடுங்க."

அவன் இரண்டு கைகளும் கட்டில் சட்டத்தைப் பற்றியிருந்தன. அவள் அதைப் பார்த்தாள். நம்பிவிட்டாள்.

ஒரு நொடி ஓய்வு.

குத்தல்.

இந்த முறை கத்தியது அவள்.