கறுப்பு பட்ட இடம்

மதியம் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்த கணவரின் கழுத்தில் அந்தக் கோடு தெரிந்தது. காதடியிலிருந்து தொண்டைக்குழி வரை, உள்ளே நிழல் விழும் அளவுக்கு ஆழமான வெட்டு. அவள் கையிலெடுத்த கவளத்தைத் தட்டில் போட்டாள். ஓடிப்போய்த் தொட்டாள். விரலுக்குத் தோல் வழவழவென்றுதான் இருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் பள்ளமே இல்லை.

“என்ன, புதுசா பாக்கற மாதிரி பாக்கற?”

“கழுத்துல என்னங்க கோடு?”

“ஷேவ் பண்றப்ப கீறியிருக்கும். உன் பொணத்துக்கு நான்தானே மூஞ்சி குடுத்தேன், அதே நெனப்பா இருக்கியா?”

அது உண்மைதான். அவள் கிராஃபிக்ஸ் செய்துகொண்டிருந்த சினிமாவில் வரும் பிணத்துக்கு ஆள் அகப்படாததால் அவர் முகத்தையே அளவெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். அதன் கழுத்தில் வெட்டுக்காயம் போடுவதுதான் இந்த வார வேலை. காலையில் அவள் வரைந்ததும் இதே கோடு, இதே இடம். வேலை அதிகமாகி மூளை குழம்பிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு அறைக்குள் போனாள்.

மேற்பார்வையாளர் போனில் வந்தார்.

“வெளிச்சத்தை வச்சு ஏமாத்தியிருக்கியேம்மா. நேரா பாத்தா வெட்டு, சைடுல பாத்தா தட்டை. கேமரா சுத்தி வருது. நிஜமாவே தோல் உள்ள போகணும். ஆறு மணிக்குள்ள குடு.”

நேரே பார்த்தால் வெட்டு, பக்கவாட்டில் தட்டை. கணவரின் கழுத்தும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள், அவளே நம்பவில்லை.

வெட்டைக் காட்ட இரண்டு வழிதான் உண்டு. காலையில் செய்த முதல் வழி நிழலை மட்டும் மாற்றும், தோல் அசையாது. இரண்டாவது தோலையே நகர்த்தும். அதற்கு ஒரு படம் வரைந்து கொடுக்க வேண்டும்: சாம்பல் நிறம் பட்ட இடத்தில் தோல் அப்படியே இருக்கும், வெள்ளை பட்டால் புடைக்கும், கறுப்பு பட்டால் உள்ளே போகும். முகம், கழுத்து எங்கும் சாம்பல் பூசி, கோட்டை மட்டும் கறுப்பாக்கினாள். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள்.

திரையில் கழுத்து வாய் பிளந்தது.

கூடத்தில் டம்ளர் விழுந்து உடைந்தது. பிறகு ஈரத்தில் கால் இழுபடும் சத்தம், சுவரைக் கை தடவிக்கொண்டு வரும் சத்தம், கூடவே துருப்பிடித்த இரும்பின் வாடை. திரும்பினாள். வாசலில் கணவர். கழுத்தை இரண்டு கையாலும் பொத்தியிருந்தார். விரலிடுக்கில் ரத்தம் விட்டு விட்டுப் பீறிட்டது. பேச வாயைத் திறந்தார். காற்று கழுத்து வழியாக வந்தது.

ஆஸ்பத்திரி அப்புறம். முதலில் கோடு போக வேண்டும். கோடு இல்லையென்றால் வெட்டும் இல்லை. பிழைத்துவிடுவார்.

அந்தச் சாம்பல் படம் முழுவதையும் தேர்ந்தெடுத்தாள். கடைசியாகச் செய்ததை ரத்து செய்து ஒரு படி பின்னால் போயிருந்தாலே போதும். தோன்றவில்லை. பத்து வருஷமாக மற்ற வேலைகளில் அழிப்பதென்றால் அவளுக்குக் கறுப்படிப்பதுதான். கை தன் பழக்கத்தில் போனது.

படம் முழுக்கக் கறுப்பு.

சாம்பல். சாம்பல் அல்லவா அடித்திருக்க வேண்டும்.

பின்னால் எலும்பு நொறுங்கியது. மெதுவாக. ஒரே சீராக.

திரும்பினாள்.

அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கழுத்திலிருந்து ஒரு கையை எடுத்து, கண்ணைத் துடைக்கப் போகிறவர்போல முகத்துக்குக் கொண்டுபோனார். கை மணிக்கட்டு வரை உள்ளே போனது.