ஓடிக்கொலோன் மணந்த வான்

வானின் பின்கதவைத் திறந்ததும் ஓடிக்கொலோன் வாசனை அடித்தது.

பழைய வான் எப்படி மணக்க வேண்டும் என்று கிருபைரட்ணத்துக்குத் தெரியும். மண்ணெண்ணெய், வேர்வை, சீற்றுக்கடியில் எப்போதோ உருண்டுபோய் அழுகிய வெங்காயம். பொருளாதாரத் தடையால் ஒரு மூடி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தைக் கிளப்பிவிட்டு மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டுகிற தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில், மச்சான் முறையானவனின் கலியாணத்துக்குக்கூட ஓடிக்கொலோன் கிடைக்காத ஊரில், ஒரு வான் இப்படி மணக்கிறதென்றால் அது நாகரிகமான மனிதர்கள் பாவித்த வாகனம் என்று அவர் தீர்மானித்தார். அவர் தீர்மானித்தால் தீர்மானித்ததுதான். கொழும்புத்துறையில் அவருடைய பட்டறைப் பலகையில் ‘மோட்டார் சைக்கிள் நிபுணர்’ என்று எழுதியிருந்தது. எழுதியவரும் அவரே.

ஊரூராகக் கிடக்கும் ஓடாத மோட்டார் சைக்கிள்களை இரண்டிரண்டாக ஏற்றி வர ஒரு வான் வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். உண்மையில் வான் மனைவி பியாட்றிஸுக்காக. இந்தக் கிழமை அவளுக்குப் பிள்ளை பிறக்கிற நாள். இரண்டு வருசத்துக்கு முன்னர், வாகனம் ஒன்றும் அகப்படாமல், நோவெடுத்தவளைச் சைக்கிள் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்கு உருட்டிக்கொண்டு போனார். பாதி வழியில் பிள்ளை போய்விட்டது. அதைப் பற்றி அவர் பிறகு யாரோடும் கதைத்ததில்லை. முன்னையிலும் சத்தமாகப் பெருமை பேசத் தொடங்கினார், அவ்வளவுதான்.

“இஞ்சாருங்கோ, நிபுணத்துவம் காட்டிக்கொண்டு நிக்காதேங்கோ. ஓடினாக் காணும்,” என்று காலையில் பியாட்றிஸ் சொல்லியிருந்தாள். “பொழுதுபட முதல் வந்திடுங்கோ.”

“வாறன்,” என்று சொல்லிவிட்டுத்தான் சாவகச்சேரிக்கு வந்திருந்தார்.

வானுக்குச் சொந்தக்காரர் சோமசேகரம் முற்றத்தில் ஒரு தேசிக்காயை உருட்டியபடி நின்றார்.

“முந்தி எங்கை அண்ணை ஓடினது?”

“ஆசுபத்திரி வாசல்லை நிண்ட வான், தம்பி. மூண்டு வருசம்.”

“டொக்டர்மாரை ஏத்தினதோ?”

சோமசேகரம் வேலிப் பக்கம் பார்த்தார். “எல்லாரையும் ஏத்தினதுதான். ஏறின ஒருத்தரும் குறை சொல்லேல்லை.”

அடுக்களை வாசலில் நின்ற அவருடைய மனைவி பூரணம், “உள்ளதைச் சொல்லுங்கோவன். அந்தாள்டை பெண்சாதி பிள்ளைத்தாச்சியெல்லே,” என்றாள்.

“நீ சும்மா இரு.”

“பயப்பிடாதேங்கோ அக்கா,” கிருபைரட்ணம் கையை உயர்த்தினார். பிரசங்க மேடையில் இல்லாத குறைதான். “நாங்கள் வேதக்காரர். நாள் கோள் பாக்கிறேல்லை. சில்லுக்குத் தேசிக்காய் வைக்கிற வேலையும் எங்களுக்கு வேண்டாம்.”

சோமசேகரம் தேசிக்காயை மடிக்குள் செருகிக்கொண்டார்.

இனி நீளம் பார்க்க வேண்டும். அளவுநாடா வீட்டில் கிடந்தது. நிபுணர் நாடாவை மறந்து வந்ததை ஒரு வான்காரனிடம் ஒப்புக்கொள்வதா? “நான் அஞ்சடி எட்டு. என்ரை தலைக்கு மேலை ஒரு சாண் மிஞ்சினால் மோட்டார் சைக்கிள் நிக்கும்,” என்று அறிவித்தார். குதி உயரம் கணக்கைக் கெடுக்கும் என்று சப்பாத்தைக் கழற்றி முற்றத்தில் சோடியாக வைத்தார். வெள்ளைக் காலுறையோடு பின்கதவால் ஏறி, கால் கதவுப் பக்கம் இருக்க, மல்லாந்து படுத்தார்.

“தம்பி, உதிலை படுக்காதேங்கோ,” என்றார் சோமசேகரம்.

தலைக்கு மேல் சரியாக ஒரு சாண் மிஞ்சியது.

தகரத்தில் முதுகு பட்ட இடம் குளிர்ந்தது. வெயிலில் நின்ற வானின் தகரம். அந்தக் குளிர் மேலே ஏறி, தோளுக்கும் இடுப்புக்கும் அளவெடுத்ததுபோல ஒரு பள்ளத்தில் அவரை மெல்லப் பொருத்திக்கொண்டது. ஓடிக்கொலோனுக்கு அடியில் இன்னொரு மணம் இருந்தது. வாடிய பூ, அதற்கும் அடியில் வேறொன்று. வெளியே கோழியின் சத்தம், பூரணம் வாளியை வைத்த சத்தம் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலத் தேய்ந்தன. எழும்ப வேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே கிடந்தார்.

எழும்பியபோது முற்றத்தில் வெயில் இல்லை. அவருக்கென்று வைத்த தேநீரில் ஆடை படர்ந்திருந்தது.

சோமசேகரம் வானின் திறப்பை நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. “கொண்டு போங்கோ,” என்றார். “காசு பிறகு பாப்பம்.”

தன்னுடைய தோரணைக்குக் கிடைத்த மரியாதை என்று கிருபைரட்ணம் நினைத்துக்கொண்டார். படலையைத் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தார். வான் நின்ற இடத்தைப் பூரணம் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். புழுதி அடங்கத்தான் என்று நினைத்தார். நடுவில் அவருடைய சப்பாத்துச் சோடி நின்றது. அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி ஊற்றினாள்.

திரும்பிப் போய் எடுக்கலாம். பொழுது படுகிறது. பியாட்றிஸ் காத்திருப்பாள்.

கைதடியில் ஒரு வீட்டுக்கு முன்னால் வான் தானாக வேகம் குறைந்தது. மண்ணெண்ணெய் அடைப்பு என்று அவர் சொல்லிக்கொண்டார். கியர்த்தண்டு அவருடைய கைக்குள்ளேயே அசைந்து றிவேர்ஸில் விழுந்தது. படலையைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். அவரை அவள் பார்க்கவில்லை. பின்கதவைப் பார்த்தாள். பார்த்தபடியே சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அவர் தண்டைப் பிடுங்கி முன்னுக்குத் தள்ளி, வானைப் பறக்கவிட்டார்.

நாவற்குழிப் பாலத்தில் காற்று உப்பாய் அடித்தது. பின்னால் ஏதோ தகரத்தில் உராய்ந்து நகர்ந்தது. வெறும் வான். ஏற்றியது ஒன்றுமில்லை. பிறேக் போட்டால் முன்னுக்கு வந்தது. விட்டால் பின்னுக்குப் போனது. மெத்தென்று. பாரமாக.

அரியாலையில் மறுபடியும். ஒரு படலை, வேகம் குறைந்தது, றிவேர்ஸ். வேலியோரம் நின்ற கிழவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். சைக்கிளில் வந்தவன் இறங்கி நின்றான்.

அப்போதுதான் கிருபைரட்ணத்துக்கு அது பிடிபட்டது. தன்னுடைய ஒழுங்கையிலும் பார்த்திருக்கிறார். செத்தவரைக் கொண்டுவருகிற வான் ஒருநாளும் முகப்பால் வளவுக்குள் நுழைவதில்லை. பின்பக்கமாகத்தான் விடுவார்கள், இறக்க வசதியாக. ஆஸ்பத்திரி வாசலில் மூன்று வருசம். பிணவாடைக்குத் தெளித்த ஓடிக்கொலோன். ஒவ்வொரு படலையாக. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி இந்த வானுக்குத் தெரியாது. அங்கிருந்து வீட்டுக்கு வருகிற வழிதான் தெரியும்.

விற்றுவிடலாம். நாளைக்கே. பியாட்றிஸை இதில் ஏற்ற முடியாது. ஏற்றக்கூடாது. ஒழுங்கை முனையிலேயே விட்டுவிட்டு நடந்து போகலாம்.

பிறேக்கை மிதித்தார். வான் நிற்கவில்லை.

மறுபடியும் மிதித்தார். மிதி காலுக்குத் தட்டுப்படவில்லை. சப்பாத்து இல்லாததால் என்று நினைத்தார். குனிந்து பார்க்கத் துணிவு வரவில்லை. முழங்காலுக்குக் கீழே குளிர். அந்தத் தகரக் குளிர்.

கொழும்புத்துறை. கடல் மணம். மாதா கோவில் மணி. அவருடைய ஒழுங்கை.

படலையடியில் பியாட்றிஸ் நின்றாள். ஒரு கை இடுப்பில். மற்றக் கையில் ஆஸ்பத்திரிப் பை. முகமெல்லாம் வேர்வை. நோவு தொடங்கியிருந்தது.

“வந்திட்டார்,” என்றாள், யாருக்கோ. “சொன்னபடி வந்திட்டார்.”

வான் அவளைத் தாண்டிப் போய் நின்றது. தண்டு றிவேர்ஸில் விழுந்தது.

“வேண்டாம்,” என்று கத்தினார். “பியாட்றிஸ், தள்ளி நில். இதிலை ஏறாதை.”

அவள் படலையை அகலத் திறந்தாள்.

வான் பின்பக்கமாக மெல்ல, பழகிய வாகனம்போல, ஒரு செடியிலும் படாமல் வளவுக்குள் நுழைந்தது. நின்றது.

கண்ணாடியில் பார்த்தார். பின்னால், தகரத்தில், இரண்டு பாதங்கள். கதவுப் பக்கமாக நீட்டியபடி. வெள்ளைக் காலுறை.

பின்கதவு திறந்தது. அவளுடைய மூச்சு கேட்டது. பை விழுந்தது.

பிறகு, முன் சீற்றில், சுக்கானை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்த கிருபைரட்ணத்தின் உள்ளங்காலில் அவளுடைய கை பட்டது. சூடாக இருந்தது.